மாடிப்படிக்குக் கீழே பத்தொன்பது நாள்

எங்கள் பட்டியலை அப்படியே நம்பினால், தலைவர் தன் வாழ்நாளில் தூங்கியதைத் தவிர வேறெதுவும் செய்திருக்க முடியாது. அவர் படுத்த கட்டில் என்று நாட்டில் நாற்பத்தொரு கட்டில்கள் இருக்கின்றன. அவர் இளைப்பாறிய மரங்கள் அறுபத்தேழு. அதில் ஒன்பது மரங்கள் அவர் இறந்தபிறகு நட்டவை. இதையெல்லாம் அளந்து, வரைந்து, உண்மையா புளுகா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் நினைவிடங்கள் துறையில் என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘இஞ்சு டேப்’ என்று பெயர். பின்னால் என்றால் ரொம்ப தூரமில்லை, காதில் விழுகிற தூரம்தான்.

தலைவரின் நூற்றாண்டு நெருங்கியபோது பாக்கி இருந்தது ஓர் இடம் மட்டும். இருபத்தேழு வயதில், போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பத்தொன்பது நாள் ஒளிந்திருந்த வீடு. எந்தத் தெரு என்று தெரியும். எந்த வீடு என்று அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஒளித்து வைத்தவர்களுக்குக் கொடுத்த வாக்காம். தன் நினைவுக்குறிப்பில் அந்த அறையைப் பற்றி மூன்றே வரிகள் எழுதியிருந்தார். நிமிர்ந்து நிற்க முடியாது. காலை நீட்டிப் படுத்தால் உச்சந்தலை ஒரு சுவரிலும் பாதம் மறு சுவரிலும் படும். தினமும் காலையில் தலைக்குமேல் யாரோ பதினொரு தடவை தட்டிவிட்டுப் போவார்கள்.

தெருவில் முப்பத்து நான்கு வீடுகள். எல்லாவற்றையும் நானே அளந்தேன். அளப்பதற்கு முன் என் தாளின் மேல்பக்கத்தில் எழுதிக்கொண்ட முதல் வரி: ‘தலைவரின் உயரம் ஆறடி. ஆதாரம்: சிலை.’ எங்கள் அலுவலக வாசலிலேயே அவர் சிலையாக நிற்கிறார். நான் அவர் முழங்காலுக்கு இருப்பேன். பீடத்தையும் சிற்பியின் ஆசையையும் கழித்துவிட்டு ஆறடி என்று வைத்துக்கொண்டேன். படத்திலும் பாடப்புத்தகத்திலும் அவர் ஆறடிதான், யாரைக் கேட்டாலும் ஆறடிதான். அந்த அளவுக்குப் பொருந்தியது ஒரே ஓர் இடம், பூட்டுக்கடைக்காரர் வீட்டு மேல்தளத்துப் பரண் அறை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், நீளம் ஆறடி ஒரு அங்குலம். மற்ற முப்பத்து மூன்று வீடுகளுக்கும் ‘தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டேன்.

பூட்டுக்கடைக்காரர் சந்தோஷத்தில் பரணுக்கு வெள்ளையடித்து, ஒரு பாயையும் விரித்து வைத்திருந்தார்.

“இதாங்க மேடம் அவரு படுத்த பாய். எங்க அப்பா காலத்துலேர்ந்து பத்திரமா வச்சிருக்கோம்.”

பாயின் ஓரத்தில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் அதை நகத்தால் சுரண்டி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் இரண்டு நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டார்.

“சரி, தலைக்குமேல தட்டின சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு? இதுக்கு மேல ஓடுதான் இருக்கு” என்று கேட்டேன்.

“பூனைங்க மேடம். ராவும் பகலும் ஓடும்.”

“எண்ணிப் பதினொரு தடவையா?”

“அந்தக் காலத்துப் பூனைங்க ஒழுக்கமா இருந்திருக்கும்.”

எங்கள் இயக்குநரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “கவித்துவமா எழுதியிருப்பாரும்மா. அதையெல்லாமா அளந்து பாப்ப? ரிப்போர்ட்டை முடி. கல்வெட்டு வந்திறங்கி வராந்தாவுல சாஞ்சு நிக்குது” என்றார். எனக்கு அந்தப் பதினொன்று தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக இருந்தது. கவித்துவமாக எழுதுகிறவர் பத்து என்பார், நூறு என்பார். பதினொன்று என்று எழுதுகிறவர் எண்ணியிருக்கிறார்.

அந்த முள்ளோடு தெருவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பூட்டுக்கடைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவரின் மனைவி. தெருவில் எல்லோரும் அவளை டிரைவர் சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறவள், அன்று வழியை மறித்து நின்றாள்.

“மேடம், பதிமூணு மாசமாச்சு எழுதிக் குடுத்து. ஒரு சுவரு. ஒத்தைச் சுவரு. அதை இடிக்கறதுக்கு உங்க ஆபீஸ் இன்னும் எத்தனை மாசம் யோசிக்கும்?”

“தெரு முழுக்கத் தடை இருக்குக்கா. தலைவர் இருந்த வீடு எதுன்னு முடிவாகிற வரைக்கும் யாரும் ஒரு செங்கல்லக்கூட...”

“வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் சட்டம் பேசுங்க.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெருக்கதவைத் திறந்ததும் ஒரு நீளமான நடை, வலப்பக்கம் மாடிப்படி. படிக்குக் கீழே உள்ள இடத்தை மறைத்து ஒரு செங்கல் சுவர், அதில் குள்ளமாக ஒரு கதவு. நடை முடிகிற இடத்தில் பின்னறை. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. பின்பக்கம் அடுத்த தெரு வீட்டின் முதுகு. பின்னறைக் கட்டிலில் டிரைவர் படுத்திருந்தார். பதினான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்கி வைத்த புதுச் சக்கர நாற்காலி, கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“நடை இருபத்திரண்டு அங்குலம். நாற்காலி இருபத்தாறு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நாலு பேரு சாய்ச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. தோள்பட்டை சுவத்துல உரசி ரத்தம். அன்னிக்கு உள்ள வந்தவருதான். இன்னிக்கு வரைக்கும் வெளிய வரல. வானத்தைப் பாத்து பதினாலு மாசமாச்சு, தெரியுமா உங்களுக்கு?”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நடையை அளந்தவள் நான்தான். இருபத்திரண்டு என்று எழுதினேன், கட்டிலில் இருந்த மனிதரை எழுதவில்லை. டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்கிற பயணியின் பார்வை. கூச்சத்தில் என் டேப்பை எடுத்து அந்தச் சுவரை மறுபடி அளக்க ஆரம்பித்தேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

ஒன்பது அங்குலக் கனம். எனக்குப் புருவம் உயர்ந்தது.

“இதுக்குள்ள என்னக்கா இருக்கு?”

“துடைப்பம்” என்றாள் வெடுக்கென்று. “பழைய வாளி. இந்தச் சுவரை எடுத்தா வழி முப்பத்தொண்ணு ஆயிடும். படிக்கு இது முட்டு இல்ல, படி இரும்பு உத்தரத்துல நிக்குதுன்னு கொத்தனார் சொல்லிட்டாரு.”

துடைப்பம் வைப்பதற்கு யார் ஒன்பது அங்குலத்தில் சுவர் எழுப்புவார்கள்? கேட்காமல், அண்ணாந்து படிகளை எண்ணினேன். பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் எண்ணிவிடுவேன், என் அக்கா இதனாலேயே என்னை வீட்டுக்குக் கூப்பிட யோசிப்பாள். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றேதான்.

அலுவலகத்துக்கு ஓடி என் பழைய தாளைப் புரட்டினேன். மாடிப்படிக்குக் கீழ் அறை: அதிகபட்ச உயரம் நான்கடி பதினொரு அங்குலம், நீளம் ஐந்தடி மூன்று அங்குலம். ஆறடி மனிதர் அதில் படுக்கவே முடியாது. மடித்து வைத்தால்தான் உண்டு. அதனால்தான் ‘தொடர்பில்லை’. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆதாரம் என்று நான் எழுதியிருந்த அந்த ஒரு வார்த்தையைத் தவிர. சிலை. அடுத்தவர் யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் ஒரு வாரம் நக்கலடித்திருப்பேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தலைவர் பிறந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரப் பயணம். அது இப்போது அருங்காட்சியகம். அவருடைய கோட்டும் கால்சட்டையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பொம்மைமேல் மாட்டியிருக்கும். பொம்மை ஆறடி. காப்பாளர் அம்மாள் இடுப்பில் சாவிக்கொத்தோடு, வாயில் பாதி பிஸ்கட்டோடு வந்தாள்.

“உடுப்பை இறக்கி அளக்கணுமா?” என்று கண்ணை அகல விரித்தாள். “இருபது வருஷத்துல யாருமே கேட்டதில்ல. வாங்க வாங்க.”

பெட்டியைத் திறந்ததும் நாப்தலீன் உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. முன்பக்கம் கம்பீரமாக இருந்த கோட்டின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் மேலிருந்து கீழ்வரை பிரித்து, இடைவெளி விட்டு, நாடாவால் கட்டியிருந்தார்கள். தோளுக்குள் பஞ்சு. கால்சட்டையின் அடிப்பகுதியில் ஒரு சாண் துணி வேறு நிறம். அதை மறைக்கத்தான் பெட்டியின் அடியில் மரச்சட்டம் வைத்திருந்தார்கள்.

“இது?”

“முன்னாடி ஒரு இயக்குநர் இருந்தாரே, அவரு சொல்லிச் சேர்த்துத் தெச்சது. வர்றவங்க எல்லாரும் ‘அய்யே, இவ்ளோ சின்னதா?’ன்னு கேட்டாங்களாம். அவருக்கு மனசு தாங்கல.”

ஒட்டுத்துணியை விட்டுவிட்டு அளந்தேன். மறுபடி அளந்தேன். காப்பாளர் அம்மாளுக்கு என்னைவிட உற்சாகம் வந்துவிட்டது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சிறைப் பதிவேட்டுத் தாளை இறக்கி, பின்பக்க ஆணிகளைத் தானே பிடுங்கினாள். பெயர், வயது, குற்றம் எல்லாம் வெளியே தெரியும். சட்டத்தின் உள் அட்டை ஒரே ஒரு வரியை மட்டும் மூடியிருந்தது. உயரம்: ஐந்தடி இரண்டு அங்குலம்.

“உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாம? நான்தானே தூசு தட்டறேன்.”

“அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலியே” என்றாள், பிஸ்கட்டை முடித்தபடி.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்காமல் இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். மேடைகளில் அவருக்காக ஒரு பெட்டி போட்டிருப்பார்கள். புகைப்படக்காரர்கள் தரையில் மண்டியிட்டு எடுத்திருப்பார்கள். ஒரு நாடே சேர்ந்து ஒரு மனிதரைப் பத்து அங்குலம் இழுத்து நீட்டியிருக்கிறது, அவரும் பாவம் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவரை முன்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது. நானும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான்.

மாலை நான்கு மணிக்கு டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே விட டிரைவர் சம்சாரத்துக்கு மனமில்லை. “பாத்தாச்சே, மறுபடி என்ன?” என்றாள். ஒரே ஓர் அளவு விட்டுப்போச்சுக்கா என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் அந்தக் குள்ளக் கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்து போனேன். துடைப்பத்தையும் வாளியையும் வெளியே தள்ளினேன். தரையில் மல்லாந்து படுத்தேன். உச்சந்தலை பெரிய சுவரில் பட்டது. கால் பக்கம், படி தாழ்ந்து வருகிற இடத்தில், ஒரு சின்னச் சுவர் இருந்தது. என் செருப்பில்லாத பாதம் அதில் போய்ப் பதிந்தது. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன். காது அடைத்ததுபோல் ஆனது. சுண்ணாம்பு வாசனை, ஈர வாசனை, கண்ணுக்கு ஒரு கோடு வெளிச்சம்.

அப்போது மாடியிலிருந்து அவர்களின் மகள் வேலைக்குக் கிளம்பினாள். மருந்துக்கடையில் மாலை முறை அவளுக்கு. முதல் படி என் முகத்துக்கு நேர்மேலே தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. சத்தம் நெற்றியிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து காலுக்கு நடந்து போனது. பதினொன்று. அப்புறம் தெருக்கதவு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை கட்டில், எத்தனை மரம், எத்தனை புளுகு. ஒரே ஒரு தடவை, அந்த மனிதர் கேட்டதை அவர் கேட்ட இடத்திலேயே நானும் கேட்டேன்.

தலைமுடி முழுக்க ஒட்டடையோடு வெளியே வந்தேன். டிரைவர் சம்சாரம் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

வெளியே கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். பிறகு, “மாமியார் சொல்லிருக்காங்க. அவங்க கல்யாணமாகி வந்த புதுசுல தட்டுல சாப்பாடு வச்சு உள்ள தள்ளுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டுத்தான் செத்தாங்க. நான் சொல்லல” என்றாள்.

“எவ்ளோ பெரிய விஷயம்க்கா இது! நாட்டுக்கே...”

“சொன்னா என்ன ஆகும்? இது நினைவிடம் ஆயிடும். ஒரு ஆணி அடிக்க முடியாது. அதானே? சொல்லுங்க.”

“ஆமா. ஆனா உங்களுக்கு வேற வீடு பாத்துக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்...”

“ரெண்டு வருஷம்!” அவள் குரல் நடை முழுக்க எதிரொலித்தது. “அந்தப் பெரிய மனுஷன் பத்தொம்பது நாள் இருந்தாரு, அதுக்குக் கல்வெட்டு. எங்க வீட்டுக்காரரு பதினாலு மாசமா இருக்காரு, அவருக்கு என்ன வைக்கப்போறீங்க? இப்பவே உடம்புல புண்ணு வருது மேடம். டாக்டரு வந்து பாத்துட்டு, வெளிக்காத்து படணும், உக்காரவைக்கணும்னு சொல்லிட்டுப் போறாரு. எதுல உக்காரவைக்கறது, எங்க கொண்டுபோறது? அவரு ரெண்டு வருஷம் இருப்பாரா?”

எனக்கும் கோபம் வந்தது. உண்மையைக் கண்டுபிடித்த ஒருத்தியிடம் அதை மறந்துவிடச் சொல்வது, பசித்தவளிடம் தட்டைப் பிடுங்குவது. “நான் இதுவரைக்கும் ஒரு பொய்த் தாள்ல கையெழுத்துப் போட்டதில்லக்கா” என்றேன். நான் சொல்லும்போதே அது எனக்கே அல்பமாகக் கேட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னறையிலிருந்து ஒரு சத்தம். டிரைவர் இடது கையால் கட்டில் சட்டத்தை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் உள்ளே போனோம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அந்த நடையில் பேசியது அவருக்குக் கேட்காமல் எங்கே போகும்? வாய் ஒரு பக்கம் கோணியது. ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல் இழுத்தார். என்னிடம்தான் கேட்டார்.

“பத்... தொம்பதாம் நாளு... அவரு... வெளிய... போனாரா?”

“போனாரு” என்றேன். “அதுக்கப்புறம்தான் எல்லாமே நடந்துச்சு.”

அவர் தலையை லேசாக அசைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் கெஞ்சியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். எனக்கு வாதாட வரும். நடைக்கு வந்து சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தலைவரை உள்ளே வைப்பதற்காக யாரும் இதைக் கட்டவில்லை, ஒருநாள் பத்திரமாக வெளியே அனுப்புவதற்காகத்தான் கட்டினார்கள். இது எனக்குப் புரிய, பேச்சு போன ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். எங்கள் விதிப்படி, நான் ‘தொடர்பில்லை’ என்று எழுதிய வீட்டுக்குத் தடையை நீக்க என் கையெழுத்தே போதும். பதிமூன்று மாதத்துக்கு முன்பே போட்டிருக்கலாம். மொத்தத் தெருவுக்கும் ஒரே நாளில் முடிப்போம் என்று இயக்குநர் சொன்னார், நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இதை டிரைவர் சம்சாரத்திடம் அன்று சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டுவிட்டு, “இப்பவாவது போடுங்க” என்றாள்.

“போடறேன். ஆனா எனக்கு ரெண்டு நாள் குடுங்க. இந்த அறையை நான் முழுசா அளக்கணும்.”

“அளந்து?”

“இருந்துச்சுன்னு எழுதணும்.”

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாளும் அந்த வீட்டிலேயே கிடந்தேன். ஒரு செங்கல் விடவில்லை. கதவின் கீல், தாழ்ப்பாளின் துரு, கதவிடுக்கில் வெளிச்சம் விழுகிற இடம், எல்லாவற்றையும் வரைந்தேன். சுவரில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டி, வண்ணப் பூச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்பது பூச்சு. அடியில் இருந்தது வெளிர்நீலம். மகள் படியிறங்கும் சத்தத்தைப் பதிவு செய்தேன். முதல் தடவை செருப்போடு இறங்கினாள், அப்புறம் நான் கேட்டபடி வெறுங்காலோடு. “அத்தை, நான் நூறு தடவை இறங்கிட்டேன், கால் வலிக்குது” என்று சிணுங்கினாள். மேடம் எப்போது அத்தை ஆனது என்று தெரியவில்லை. டிரைவர் சம்சாரமே உள்ளே படுத்துப் பார்த்தாள். வெளியே வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருப்பது ஒரே வரி: மேற்படி சுவரை அகற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையிலேயே இல்லை.

ஆனால் கொத்தனார் முதல் அடி அடித்தபோது நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. நாளைக்கு இந்த இடத்தைத் தேடி வருகிறவர்களுக்கு நான் காகிதத்தைத்தான் கொடுக்க முடியும், அந்த இருட்டைக் கொடுக்க முடியாது. தூசி அடங்கும்வரை தெருவில் போய் நின்று மூக்கைச் சிந்தினேன். தூசியால்தான் என்று பூட்டுக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர், “பக்கத்துல இடிக்கறதுல என் பரணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?” என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் என் அறிக்கையை இயக்குநர் மேசையில் வைத்தேன். தொண்ணூற்றாறு பக்கம். முதல் பக்கத்தில், ‘தலைவரின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஆதாரம்: சிறைப் பதிவேடு. முன்பு ஆறடி என்று எழுதியது என் தவறு.’ அவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இது... இது அசல்ம்மா! இதுதான் இடம்! வண்டியை எடுக்கச் சொல்லு, உடனே போலாம்.”

“சார், கடைசிப் பத்தியைப் படிங்க.”

படித்தார். மறுபடி படித்தார். “சுவரு இப்ப இல்லையா? யாரு அனுமதி குடுத்தது?”

“நான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் அறிக்கையின் வரைபடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லிய குரலில், “விளக்கம் கேட்டு மெமோ வரும். தப்பிக்க முடியாது, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன்.

அன்று மாலை மெமோ வந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். டிரைவரிடம் காட்டி அனுதாபம் தேடவா, என்ன செய்துவிட்டேன் என்று ஒரு தடவை நேரில் பார்க்கவா, எனக்கே தெளிவில்லை. மனசுக்குள் நான் ஓர் இடத்தைத் தொலைத்தவளாகத்தான் நடந்தேன்.

வீட்டு வாசலுக்கு வெளியே, தெரு ஓரமாக, சக்கர நாற்காலி நின்றது. டிரைவர் அதில் உட்கார்ந்திருந்தார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பூட்டுக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார், தெருவில் போகிறவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். டிரைவர் சம்சாரம் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

“மத்தியானத்துலேர்ந்து உக்காந்திருக்கீங்க! உள்ள வாங்கன்னா காதுல ஏறுதா? மேடம், நீங்களாவது சொல்லுங்க. மழையில நனையறாரு!”

நான் நாற்காலிக்கு அருகே போய்க் குனிந்தேன். “உள்ள போலாமா அண்ணே? மழை வருது.”

அவர் முகத்தை அண்ணாந்து வைத்திருந்தார். தாடியில், இமையில், கோணிய உதட்டில் எல்லாம் துளிகள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வார்த்தையை இழுக்கவும் இல்லை.

“நனையறேன்” என்றார்.

டிரைவர் சம்சாரம் இன்னும் இரண்டு வசவு வைத்தாள். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து, தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்றாள்.